நெடுவலின் கீழ்த்தட்டுகள்

மே 2, வெள்ளி

வெக்கை. சோளகக் காற்று எழும்ப இன்னும் நாள் கிடக்கிறது. ஓர் ஓலை அசையவில்லை.

இன்றைய வேலை:
– அழுத்தமானிக் குழாய் கழற்றி ஊத
– பொயிலருக்கு விறகு
– சைக்கிள் பின் ரியூப்
– வசந்தியின் நீலக் கானுக்குப் பிடி கட்ட

கடைசி வேலைதான் முதலில் முடிந்தது. கட்டாரிலிருந்து கொண்டுவந்த கம்பி, துருப்பிடிக்காத இனம். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை உட்பக்கம் மடக்கினேன். கையைக் கிழிக்காது. "இனி ஆயுசுக்கும் கழராது," என்றேன். "உங்கட கைவேலையெல்லே," என்றாள். நல்ல மனநிலையில் இருந்தாள்.

வடிசாலை. நெடுவல் இன்றும் விக்கினான். கட்டாரில் வடிக்கிற கோபுரங்களுக்கு இலக்கம் இருக்கும். இங்கே இருப்பது ஒன்றுதான். அதன் உயரம் பார்த்து நெடுவல் என்று பெயர் வைத்தவர் பொயிலர்காரர் அந்தோனி அண்ணை. உள்ளே ஓட்டை போட்ட தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. இடுப்பில் கள்ளை விடுகிறோம், அது தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். அடியிலிருந்து நீராவி ஏறும். ஏறுகிற ஆவி கள்ளிலுள்ள சாராயத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகவேண்டும். இவனுடைய வேலை அவ்வளவுதான். இப்போது கள்ளை இறங்க விடாமல் வயிற்றில் தேக்கி வைத்து, திடீரென்று மேலால் ஓங்காளிக்கிறான். வருகிற சாராயம் கலங்கல்.

அழுத்தமானிக் குழாயில் அடைப்பு இல்லை. காட்டுவது மெய்தான்.

பனைச் சங்கத் தலைவர் வந்து வாசலோடு நின்றார். "வெசாக் கழிஞ்ச ஞாயிறு செயற்குழு இருக்கு. அதுக்குள்ளை சரிவரோணும். இல்லாட்டிக் காரைநகரிலை ஒருத்தர் இருக்கிறாராம், அவரைத்தான் கேக்கவேண்டி வரும்." எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இந்தக் கோபுரத்தின் ஒவ்வொரு ஆணியும் என் கையால் பூட்டியது. இனி வேறொருவன் வந்து என் கண் முன்னால் வால்வைத் திருப்புவதோ?

மே 3, சனி

விறகு வந்தது. பாதி ஈரம்.

விறகடுக்குக்குப் பின்னால் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டு:

"கட்டார் மூளை உப்புக் காத்திலை துருப்பிடிச்சுப் போச்சு."

"ஆவியைக் கூட்டிக் கூட்டி நெடுவலைக் கொல்லப்போறார்."

நான் செருமவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போனேன். இத்தனை நாள் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள்.

மத்தியானம் வீட்டில் சூடை மீன் பொரியல். சாப்பாட்டைப் போட்டுவிட்டு வசந்தி கேட்டாள்: "இண்டைக்கு உங்கட நெடுவல் எப்பிடி?" பங்குனியிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். கலியாணம் கட்டிய நாள் முதல் என் வேலையைப் பற்றி இப்படிக் கேட்டதேயில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் எழுந்து போகாமல் கேட்டாள். வெளியில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லட்டும்.

மே 5, திங்கள்

வெப்பமானிகள் எல்லாவற்றையும் கழற்றிக் கொதிதண்ணீரில் வைத்துப் பார்த்தேன். சரி. ஆவி வால்வைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் சரி.

கட்டாரில் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். முதலில் அளவியைச் சந்தேகி, பிறகு வால்வை, பிறகு உள்ளே விடுகிறதை, பிறகு கோபுரத்தை. மூன்றாவதை, அதாவது கள்ளை, இங்கே நான் பார்ப்பதில்லை. அது தயாவின் பொறுப்பு. தயா வசந்தியின் தம்பி. மரம் சீவுகிறவர்களிடம் சங்கத்துக்குக் கள்ளு வாங்கி எடுப்பது அவன். வருகிற ஒவ்வொரு கானிலும் ஒரு சிரட்டை அள்ளி, வாயில் விட்டு, துப்பி, நல்லது கெட்டது சொல்லுவான்.

நான் வாயில் வைப்பதில்லை. வசந்திக்கு ஒபரேசன் நடந்தபோது நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தி. அவள் பிழைத்தெழும்பினாள், நான் குடியை விட்டேன். சாராயம் வடிக்கிறவன் சாராயம் தொடாதவன் என்று ஊரெல்லாம் பகிடி. தயா சொல்லுவான்: "அத்தான்ரை நாக்கு என்ரை வாய்க்குள்ளை கிடக்கு."

இன்றும் கேட்டேன்.

"கள்ளு எப்பிடித் தயா?"

"பால் மாதிரி அத்தான். கள்ளிலை பிழையில்லை. நீங்கள் ஆவியைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோவன்."

குறைத்தேன். விக்கல் நின்றது. ஆனால் கழிவோடு சாராயமும் அடியால் போகிறது. மூக்கை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தால் தும்மல் வராதுதான்.

மே 6, செவ்வாய்

நல்ல யோசனை வந்தது. கள்ளை நிறுத்திவிட்டு, விக்கல் தொடங்குமுன் இருந்த அளவிலேயே ஆவியை வைத்து, வெறும் தண்ணீரை விட்டு ஓட்டினேன். தண்ணீர் நுரைக்காது. நுரைதான் வில்லங்கம் என்றால் தண்ணீரில் நெடுவல் அமைதியாக இருக்கவேண்டும்.

இருக்கவில்லை. தண்ணீரிலும் அதே ஓங்காளிப்பு.

ஆகவே நுரை இல்லை. ஆவி கூடியதும் இல்லை. உள்ளே தட்டு அடைத்திருக்கிறது. என் பிழை இல்லை! சத்தமாகச் சொன்னேன். அந்தோனி அண்ணை அடுப்படியிலிருந்து, "ஆரோடை தம்பி கதைக்கிறீர்?" என்றார்.

வெசாக் பூரணைக்கு இரண்டு நாளும் கள்ளுத் தவறணைகள் பூட்டு. சாராயமும் வடிப்பதில்லை. அப்போது நெடுவலின் பக்கக் கதவுகளைக் கழற்றித் திறந்து பார்ப்பது.

வாங்க: தேசிக்காய். கதவு வளையத்துக்கு றப்பர். வசந்திக்குப் பனடோல்.

மே 8, வியாழன்

வசந்தி: "எப்ப திறக்கப் போறியள்?"

"வெசாக்கண்டு."

"கட்டாயம் திறக்கத்தான் வேணுமே? கழுவி விட்டாக் காணாதே?"

உள்ளே இறங்குவது எனக்கு ஆபத்து என்று பயப்படுகிறாள் போலும். இறங்கத் தேவையில்லை, கை விட்டுப் பார்க்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். பிறகு அவளுடைய பாடு. அவள் சங்கத்தின் பனங்கட்டி காய்ச்சும் பெண்கள் குழுவுக்குத் தலைவி, செயற்குழுவிலும் இருக்கிறாள். கட்டி விற்கிறதில்லை, போன வருசத்துக் கட்டியே இன்னும் கிடந்து கசிகிறது என்றாள். ஒரே பனையில்தான் இரண்டு பேரும் சீவிக்கிறோம். சுண்ணாம்பு தடவிய மண் முட்டியில் விழுவது புளிக்காது. அது கருப்பணி, கட்டி காய்ச்ச அவளுக்கு. தடவாத முட்டியில் விழுவது கள்ளு, எனக்கு. ஒரு வீட்டுக்குள் இரண்டு முட்டி என்று தயா நக்கலடிப்பான்.

அவனும் பின்னேரம் வந்தான். கேட்காமலே சொன்னான்: "தட்டு அடைச்சிருந்தா உது தண்ணியாலைதான் அத்தான். எங்கட தீவுத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பெல்லே."

கெட்டிக்காரன். அப்படியும் இருக்கலாம்.

மே 12, திங்கள். வெசாக்

விடியவே போனோம், நானும் அந்தோனி அண்ணையும். வெயில் ஏறமுன் கதவுகள் எல்லாம் கழன்றுவிட்டன.

கீழ்த்தட்டுகள்: வெள்ளைப் பொருக்கு. ஓட்டைகளில் பாதிக்கு மேல் கண் மூடிவிட்டன. மிச்சத்தில் ஈர்க்கு நுழைவதே பெரும்பாடு. உளியால் ஒரு துண்டு பேர்த்துத் தேசிக்காய்ப் புளி பிழிந்தேன். சீறிப் பொங்கியது. சுண்ணாம்பு.

அந்தோனி அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய் விறகை அடுக்கத் தொடங்கினார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர்.

துண்டுகளைப் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் போட்டு வைத்தேன்.

தயா எட்டிப் பார்த்து, "நான் சொன்னனானெல்லே, தண்ணி," என்றான். தோளில் தட்டினான். கூட்டத்தில் தண்ணீர் என்று சொல்லலாம், தண்ணீருக்கு ஆரும் பொறுப்பில்லை. மனம் லேசாக வீட்டுக்கு வந்து, பேணியை அலுமாரிக்கு மேல் வைத்தேன். வசந்தியிடம் சொன்னேன். "அப்ப தண்ணிதான்," என்றாள். சட்டென்று சொன்னாள்.

மே 13, செவ்வாய்

காலையில் மேல்தட்டுகளைப் பார்த்தேன். நேற்றுப் பார்க்காமல் விட்டது என் மடைத்தனம். கள்ளு உள்ளே வருகிற இடத்துக்கு மேலே ஒரு தட்டிலும் பொருக்கு இல்லை. கண்ணாடி போல் இருக்கின்றன. கீழே மட்டும் வெள்ளை.

தண்ணீர் நெடுவலுக்குள் வருவது ஆவியாக. ஆவி கல்லைத் தூக்கிக்கொண்டு வராது. தண்ணீரில் உள்ளதெல்லாம் பொயிலரிலேயே தங்கிவிடும். பொயிலரையும் திறந்தேன். மெல்லிய சாம்பல் படிவு. இந்த வெள்ளை இல்லை.

ஆகவே சுண்ணாம்பு கள்ளோடு வந்தது.

சீவுகிறவர்கள் ஆரோ சுண்ணாம்பு முட்டிக் கருப்பணியைக் கள்ளென்று ஊற்றிக் களவு செய்கிறார்கள், தயாவின் நாக்கை ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பாவம் தயா என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், நான் எவ்வளவு பெரிய பேயன் என்று தெரியட்டும்.

பின்னேரம் முழுக்கக் கழுவல். புளித்துக் கெட்ட கள்ளு பீப்பாய்களில் வினாகிரியாகிக் கிடந்தது. அதைச் சூடாக்கி அடியால் ஏற்றி ஊறவிட்டோம். உள்ளே பொங்குகிற சத்தம் வெளியில் நின்றே கேட்டது. பிறகு நல்ல தண்ணீர். கையெல்லாம் வினாகிரி மணம்.

மே 14, புதன்

நெடுவல் ஓடுகிறான். ஒரு விக்கல் இல்லை. அழுத்தமானி முள் படுத்துக் கிடக்கிறது. சாராயம் கண்ணீர் மாதிரித் தெளிவு. சந்தோசப்பட வேண்டிய நாள்.

தயா வருமுன் கள்ளு எடுக்கிற கொட்டிலுக்குப் போனேன். கான்கள் வரிசையாக. குசினியிலிருந்து ஒரு சரை மஞ்சள்தூள் கொண்டுபோயிருந்தேன். ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவக்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நேர்த்தி முறியாமல் ருசி பார்க்க இதைவிட வேறு வழியில்லை.

முதற் கான், மஞ்சள். அடுத்தது, மஞ்சள். அதற்கடுத்ததும்.

மூலையில் சாக்குப் போட்டு மூடி ஒரு வரிசை. சிரட்டையில் அள்ளித் தூளைப் போட்டேன். சிவப்பு. அடுத்தது, சிவப்பு. மூன்றாவது கான் நீலம். பிடியில் என் கம்பி. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனி உட்பக்கம்.

அதையும் பார்த்தேன். நன்றாகச் சிவந்தது.

சிரட்டையைக் கழுவி வைத்துவிட்டு, சாக்கை இருந்தபடி இழுத்து மூடினேன்.

வீட்டில். அவள் முட்டிகளை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மடை நீலக் கான் எங்கை?"

திரும்பவில்லை. அடுத்த முட்டியைக் கவிழ்த்தபடி, "பாத்திட்டியளே," என்றாள்.

"எப்ப துவங்கினது?"

"பங்குனிக்கை. கட்டி வாங்க ஆளில்லை. சீவிறவை கொண்டு வாற கருப்பணியை வேண்டாமெண்டு திருப்பினா, நாளைக்கு எனக்கு ஆர் மரம் ஏறுவினம்? நிலத்திலை ஊத்தவே? தயாதான் சொன்னவன், ஈஸ்டும் போட்டுக் கள்ளோடை கலந்தா ஒண்டும் தெரியாதெண்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விடுவியளே? உங்களுக்கு உந்தச் செம்புக் குழாய்தான் பெரிசு."

"ஊர் என்னைச் சிரிச்சது. நீர் ஒவ்வொரு நாளும் சோத்தைப் போட்டுட்டு, நெடுவல் எப்பிடியெண்டு கேட்டீர்."

"பயத்திலை கேட்டனான்."

நான் மத்தியானம் சொன்னதெல்லாம் பின்னேரம் தம்பிக்குப் போயிருக்கிறது. கோபுரத்தைத் திறக்குமுன்னே தயா தண்ணீர்க் கதையைப் பிடித்துக்கொண்டு வந்தது அதனால்தான். கெட்டிக்காரன் என்று வேறு எழுதியிருக்கிறேன், மேலே கிடக்கிறது. அந்தச் சொல்லை வெட்டப்போவதில்லை.

கோபம்தான். ஆனால் கோபத்தைவிட இது: அவள் அக்கறையாகக் கேட்கிறாள் என்று நான் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். சாப்பாட்டுக்கு வேளைக்கே வந்தேன்.

மே 16, வெள்ளி

மரக்கறிச் சாப்பாடு.

அந்தோனி அண்ணையிடம் சொன்னேன். ஆரிடமாவது சொல்லாவிட்டால் ஏலாது. விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி."

"எப்ப தொடக்கம்?"

"நீலக் கானைக் கண்ட நாள் தொடக்கம். உம்மடை குடும்ப விசயம். நான் எப்பிடி வாய் திறக்கிறது? உமக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடக்கிறீர் எண்டுதான் எல்லாரும் நினைச்சம்."

எல்லாரும்! விறகடுக்குக்குப் பின்னால் பீடி குடித்தவர்களும். கட்டார் மூளை, துரு என்ற கதையைக் கிளப்பியது ஆர் என்று கேட்டேன். தயா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். சோற்றைச் சாப்பிட்டது நான்.

பின்னேரம் வசந்தி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கூட்டத்திலை நானே சொல்லுறன். நீங்கள் அந்தப் பேணியைக் கொண்டு வராதேங்கோ. எல்லாருக்கும் முன்னாலை தயாவைக் கள்ளனெண்டு ஆக்காதேங்கோ. நானாச் சொன்னா, குழு செய்த பிழையெண்டு மன்னிப்புக் கேட்டிட்டு விடலாம்."

"சொல்லுவீரோ?"

"அம்மாளாணை சொல்லுவன்."

சரி என்றேன். அவளுக்காக நேர்த்தி வைத்தவன் அவளுடைய சத்தியத்தை எப்படி நம்பாமல் விடுவது?

மே 18, ஞாயிறு

வெள்ளைச் சேட்டு. பேணி அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும் என்று விட்டுப் போனேன்.

சங்கக் கட்டிடம். இரண்டு காற்றாடி, ஒன்றுதான் சுற்றியது. பால் தேத்தண்ணி, மீன் வைத்த மாலு பணிஸ்.

தலைவர் நெடுவல் விசயத்தை எடுத்தார். நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தயா எழும்பினான்.

"அத்தான் வெசாக்கிலையும் ஓய்வில்லாமல் நிண்டு துப்புரவாக்கிப் போட்டார். அதுக்கு நன்றி சொல்லோணும். ஆனா ஆவியைக் கூட விட்டு அடிப்பிடிக்க வைச்சதும் அவர்தான். ஆனைக்கும் அடி சறுக்கும். வயசும் போகுது. பாரத்தை இறக்கிவைக்கிறது அவருக்கும் நல்லது."

எவ்வளவு அன்பான குரல். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நான் வசந்தியைப் பார்த்தபடியே இருந்தேன். இப்போது எழும்புவாள். இப்போது.

தலைவர்: "காரைநகர் ஆளை எடுக்கிறதுக்கு விருப்பமானவை கை தூக்குங்கோ."

முழங்கையை மேசையில் ஊன்றியபடி தூக்கினாள். முழுதாக இல்லை, பாதி உயரம்தான். பாதி தூக்கினாலும் கை கைதான். தலைவர் எண்ணினார்.

நான் எழும்பி என்ன சொல்வது? கையில் பேணி இல்லை. மனைவியின் கை மேலே நிற்கிறபோது, அவள்தான் செய்தாள் என்று எந்த வாயால் சொல்வது? பழி தீர்க்கிறான் என்பார்கள். எழும்பினேன், "சாவி பொயிலர் அறையிலை கொழுவியிருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தோனி அண்ணை படலையில் நின்றார். சாரத்துக்குள்ளிருந்து அரைப் போத்தலை எடுத்தார். புதன் வடித்தது. "இண்டைக்கெண்டாலும் ஒரு மிடறு எடும் தம்பி."

வேண்டாம் என்றேன். நேர்த்தி அவள் சுகமாக இருக்கவேண்டும் என்று வைத்தது. அவள் சுகமாகத்தான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்னது: "தயா உள்ளை போனா அம்மாவை ஆர் பாக்கிறது? நீங்கள் வீட்டிலை இருந்தா எனக்கும் ஒரு உதவி." அலுமாரிக்கு மேல் கை விட்டுப் பார்த்தேன். பேணி இல்லை.

மே 19, திங்கள்

சோளகம் எழும்பிவிட்டது. முற்றமெல்லாம் புழுதி. போகிற இடமில்லாததால் மெதுவாகப் பல் தீட்டினேன்.

புட்டும் சம்பலும். நெடுவல் எப்படி என்று அவள் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு ஒரு கானைக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். நீலம் இல்லை, சிவப்பு. புதிது. "இதுக்கும் அப்பிடி ஒரு பிடி கட்டித் தாங்கோ. உங்கட கட்டுத்தான் நிக்குது."

உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். வெள்ளை. புதுக் கான், அதற்குள் வெள்ளை. நெடுவல் மறுபடி விக்குவான்; காரைநகர்க்காரனும் முதலில் அழுத்தமானிக் குழாயைக் கழற்றி ஊதுவான்.

கட்டார்க் கம்பி, மேசை லாச்சிக்குள் இருந்தது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. அவள் கையைக் கிழிக்காமல் நுனியை உட்பக்கம் மடக்கிக் கட்டிக் கொடுத்தேன்.